வெறும் வயிற்று ரத்தம்

எங்கள் குடும்பத்தில் மெலிந்த ஆள் கிடையாது. என் வாப்பா, நான், தம்பி, தம்பியின் பிள்ளைகள், என் ஒரே மகள், எல்லாரும் ஒரே அச்சு. ஐந்தாம் வகுப்பில் என்னைப் ‘பீப்பா’ என்று கூப்பிட்டார்கள். அந்த வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் காலையில் ஆளுக்கு அரை ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும்தான். அரை ரொட்டி தின்றவனைப் பார்த்துத் தின்று கொழுத்தவன் என்றார்கள். அறுபது வருஷமாகியும் அந்தப் பேச்சு என் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

அக்குறணையில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டேன். பிறகு வத்தேகமவில் ஒன்று, கண்டி டவுனில் ஒன்று. ஒருத்தரும் என்னைத் தூக்கிவிடவில்லை. மாத்தளை ரோட்டில் ஓடுகிற எந்த பஸ்காரனிடமும் கேளுங்கள், என் கடை எது என்று சொல்லுவான். ஆனால் டாக்டர் முன்னால் போய்க் கதிரையில் உட்கார்ந்ததும் நான் பழையபடி பீப்பாதான். “ஹாஜியார், வாயக் கட்டுங்க.” எல்லா டாக்டர்மாருக்கும் இந்த ஒரு பேச்சுத்தான்.

மகளையும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் என்னை மாதிரி ஓடி வரவில்லை. அழுதுகொண்டே படித்தாள். பல்கலைக்கழகத்தில் இப்போது அவள் ஆராய்ச்சி செய்வதே இந்தப் பருமனைப் பற்றித்தான்.

ஒரு நாள் சாப்பிட்டு முடிந்ததும் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். உடம்புக்குள் டி.என்.ஏ. என்று ஒரு நீள நூல் இருக்கிறதாம். அதில் கொஞ்சம்தான் புரதம் செய்யச் சொல்லுகிற ஜீன். மிச்சத்தில் பெரும்பங்கு ஒன்றுக்கும் உதவாத குப்பை என்று முன்னம் நினைத்தார்களாம். இப்போது பார்த்தால் அந்தக் குப்பைக்குள்ளேயும் ஜீன்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. என்று ஒன்று வருகிறது. அது எந்தப் புரதத்தையும் செய்யாது. ஆனால் எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும், கொழுப்பைச் சேர்ப்பதா எரிப்பதா என்பதில் அதற்கும் கை இருக்கிறது.

“என்னைப் போல,” என்றேன். “நான் இப்ப ஒரு கோப்பை தேத்தண்ணி கூட ஊத்துறதில்ல. ஆனா நான் வாயத் தொறந்து செல்லாம கடையில அடுப்பு எரியுமா?”

மகள் சிரித்துவிட்டாள். “சரியாச் சென்னீங்க வாப்பா.”

அந்த ஆர்.என்.ஏ. ரத்தத்திலும் மிதக்குமாம். எது கூட, எது குறைய என்று பார்த்தால், உடம்பு பருக்கும் முன்னமே பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்ல முடியலாம். அதை அடக்குகிற மருந்தும் என்றைக்காவது வரலாம். இன்னும் ஒன்றும் முடிவில்லை என்றுதான் அவள் சொன்னாள். எனக்குக் கேட்டது ஒன்றுதான்: எங்கள் பருமன் வாயால் மட்டும் வந்ததில்லை, ரத்தத்திலும் இருக்கலாம். அதை எழுத்தில் எழுதி ஒருத்தர் காட்டினால் போதும், நான் கண்ணை மூடுவேன்.

அவளுக்கு மூன்று தலைமுறையும் பருமனான ஒரு குடும்பம் வேண்டியிருந்தது. “எத்தன பேர் வேணும்?” என்றேன். இருபத்தைந்து என்றாள். இருபத்தேழு பேரைச் சேர்த்துக் கொடுத்தேன். அக்குறணையில் வேறு யாரால் முடியும்?

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் படக்கூடாது. திங்கள் காலை ஏழரைக்கு எங்கள் வீட்டில் ரத்தம் எடுப்பது. “எல்லாருக்கும் நீங்களே செல்லுங்க வாப்பா. நீங்க சென்னாத்தான் கேப்பாங்க.”

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். வயசானவர்கள் இருக்கிறார்கள், வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்து மயங்கி விழுந்தால்? திங்கட்கிழமை சுன்னத்தான நோன்பு, கட்டாயமில்லை, பிடித்தால் நன்மை. எல்லாரையும் நோன்பு பிடிக்கச் சொன்னால் பசிக்குப் பசியும் ஆச்சு, நன்மைக்கு நன்மையும் ஆச்சு. பள்ளிவாசல் மௌலவியிடம் கூடப் போய்க் கேட்டேன், கொஞ்சம் ரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்று. முறியாது என்றார். மௌலவியிடம் கேட்டவன் மகளிடம் கேட்கவில்லை.

நோன்பு என்றால் சஹர் இருக்கிறதே. விடியற்கால சுபஹுத் தொழுகைக்கு முன்னம் சாப்பிட்டுத்தானே நோன்பைப் பிடிக்க வேண்டும்! கடையிலிருந்து வீட்டுக்கு வீடு அனுப்பினேன். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, இனிப்புக்கு வட்டிலப்பம். நான் அனுப்பினால் குறைவாக அனுப்புவதில்லை.

திங்கள் காலை ஒருத்தர் தவறாமல் வந்தார்கள். ரத்தம் எடுக்க மகள் ஒரு பொடியனைக் கூட்டி வந்திருந்தாள். வத்தேகமப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, படித்து இந்த வேலைக்கு வந்தவன், நல்ல கை. குழாய்களில் ரத்தத்தை எடுத்து ஒரு மெஷினில் போட்டுச் சுழற்றினான். சுழற்றினால் சிவப்பு கீழே போய், மேலே தேன் நிறத்தில் தெளிந்த நீர் நிற்க வேண்டுமாம். எங்கள் குழாய்களில் மேலே நின்றது பால்.

பொடியன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு இன்னொன்றை. “அக்கா, இவங்க சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க போல.”

எனக்கு எங்கே இருந்து கோபம் வந்ததோ. “தம்பி, முப்பது நாளும் நோன்பு பிடிக்கிற சனம் நாங்க. பட்டினி கிடக்கிறது எப்படின்னு நீங்க எங்களுக்குப் படிச்சுத் தாறீங்களா?”

அவன் குனிந்துகொண்டான். “இல்லங்க ஐயா, பாத்ததச் சொன்னேன்.”

“ஒங்கட மெஷினப் பாருங்க முதல்ல!”

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் பெண்சாதி, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, என் மனைவியிடம் சொன்னாள்: “மச்சி, சஹருக்கு அனுப்பின வட்டிலப்பம் இன்டைக்கு நல்லா ருசி. நான் ரெண்டு தரம் தின்ன.”

மகள் என்னைப் பார்த்தாள்.

“சஹர் செஞ்சாங்களா எல்லாரும்?”

“நோன்புதானே மகள்.”

“எட்டு மணிக்குப் பிறகு ஒண்டும் வேணாமெண்டு சென்னேனே வாப்பா.” சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். “இந்த ரத்தத்தில ஒங்கட நெய்ச்சோத்தத்தான் படிக்கலாம். எங்களப் படிக்க ஏலா.”

அந்த விசேஷக் குழாய்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. மூன்று மாதம் அலைந்து இன்னொரு தொகுதி வாங்கினாள். இந்தத் தரம் ஒவ்வொரு வீடாக நானே போனேன். ஒருத்தரும் வரவில்லை. ‘நானா, நானா’ என்று அண்ணன் பின்னால் திரிந்த தம்பி வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினான்.

“நானா, நீங்க செல்லித்தானே தின்ன நாங்க? இப்ப ஊரெல்லாம் செல்லுது, ரத்தம் குடுக்கப் போன இடத்திலயும் தின்ட குடும்பமெண்டு. மறுகா ஊசி குத்த எங்களுக்கு ஏலா.”

என் கடையில் தின்று வளர்ந்தவன் அவன். அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் காலில் போட்ட சப்பாத்து கூட நான் வாங்கிக் கொடுத்தது. அந்த நன்றியை எந்த மெஷினில் போட்டுச் சுழற்றினாலும் மேலே வராது.

நான் மட்டும் போனேன். எட்டு மணிக்கல்ல, ஆறு மணிக்கே வாயைக் கட்டினேன். மகள் என்னைக் கதிரையில் உட்காரவைத்து அவளே ரத்தம் எடுத்தாள். குழாயில் தேன் நிறம் தெளிவாக நின்றது. “பாத்தியா!” என்றேன்.

“நல்லா இரிக்கி வாப்பா. ஆனா ஒரு ஆள்ட ரத்தத்த வெச்சி ஒண்டும் செல்ல ஏலா.”

காலம் முடிந்துகொண்டிருந்தது. அவளுக்கு மேலே இருந்தவர்கள் வேறு குடும்பத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கடுகண்ணாவையில் ஒரு சிங்களக் குடும்பம் கிடைத்தது, சின்னப் பலசரக்குக் கடைக்காரர்கள், அவர்களும் மூன்று தலைமுறையும் பருமன். அவள் எழுதப் போவது அவர்களைப் பற்றித்தான். நாளைக்கு ஏதாவது தெரியவந்தால் அவர்கள் ரத்தத்தில் தெரியவரும். என்னுடையது வெறும் தின்றதால் வந்த உடம்பாகவே இருந்துவிட்டுப் போகும்.

அவள் அங்கே ரத்தம் எடுத்துவிட்டு வந்த அன்று மனசு கேட்காமல் கேட்டேன்.

“அவங்க எல்லாரும் வெறும் வயித்தோடயா வந்தாங்க?”

“ஓ வாப்பா,” என்றாள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. “சென்னதக் கேட்டாங்க.”