மூச்சடைத்த கம்ப்யூட்டர்

பூஜை முடிந்ததிலிருந்தே என் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று உறைந்துபோய்க்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடும், பிறகு மவுஸ் அசையாது.

இன்று மாலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும். தவறினால் வேலை கொடுக்கும் அந்த நிறுவனத்திலிருந்து இனி எதுவும் வராது. சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தேவராஜ மொஹல்லாவிலிருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எல்லையோர ஊரான ஹனூர்ப் பக்கம், பேச்சு கொங்குத் தமிழ். மூடியைக் கழற்றியதும் சிரித்தார்.

"ஏனுங்கக்கா, ஆயுத பூஜை ஜோராப் பண்ணீட்டீங்களாட்ட இருக்குது?"

உள்ளே ஃபேனில் குங்குமமும் காய்ந்த செவ்வந்தி இதழ்களும். காற்றுத் துளைகளில் சந்தனம் இறுகியிருந்தது.

"சூடு வெளிய போக வழியில்லீங்க. அதென்ன பண்ணும், பாவம்."

துடைத்துக் கொடுத்தார். மொழிபெயர்ப்பும் போய்ச் சேர்ந்தது.

நிற்காமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பொட்டு வைத்தவள் நான்தான்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு நீங்கள் பொட்டை எங்கே வைத்தீர்கள்?