புதுநன்மை நாளில் ஒரு டம்ளர் காபி

சித்தியின் மகள் என்னைவிட இருபத்து மூன்று நாள் இளையவள். இந்த இருபத்து மூன்று நாளை நான் ஒருபோதும் மறந்ததில்லை. அவளையும் மறக்க விட்டதில்லை. பால்பல் விழுந்ததிலும் சைக்கிள் பழகியதிலும் நானே முந்தினேன். எனவே எங்கள் இருவருக்கும் ஒன்பது வயது நடந்த வருடத்தில் அவளுக்குப் புதுநன்மை, எனக்கு இல்லை என்று தெரிந்தபோது, யாரோ பட்டியலில் பெயரைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

புதுநன்மை என்பது கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசையில் ஃபாதர் வட்டமான சிறு அப்பத்தை நாக்கில் வைப்பார். அது அப்பமல்ல, ஆண்டவரின் உடல். அதற்காக ஒரு வெள்ளைக் கவுன், தலையில் துணிப்பூக் கிரீடம், அதிலிருந்து தோள்வரை இறங்கும் வலைத்துணி, கையில் ரிப்பன் சுற்றிய மெழுகுவர்த்தி, பிறகு ஸ்டூடியோவில் போட்டோ, வீட்டில் பிரியாணி. ஆண்டவரின் உடல் எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை. கிரீடம் நன்றாகப் புரிந்தது.

நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். அம்மாவும் சித்தியும் மயிலாப்பூரில் ஒரே கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்கள். அம்மா கட்டிக்கொண்ட அப்பா புரோட்டஸ்டண்ட். தியாகராய நகரில் எங்கள் வீடு, அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் அப்பாவின் கோயில். அந்தக் கோயிலில் பிள்ளைகளுக்கு நற்கருணை கிடையாது. பதினான்கு பதினைந்து வயதில் வகுப்புக்குப் போய், கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து, பேராயர் வந்து தலைமேல் கைவைத்துத் திடப்படுத்திய பிறகுதான். அதுவரை அப்பாவும் அம்மாவும் எழுந்து போய் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிவர, நான் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுடைய பைபிள்களைப் பார்த்துக்கொள்வேன்.

இந்த அநியாயம் சித்தி மகளோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் மாடிவீட்டில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று இருந்தது, கேரளத்துக்காரர்கள். அந்த வருடம் அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். எங்களையும் அழைத்திருந்தார்கள். அந்தக் குழந்தையைத் தண்ணீரில் முழுக்கி எடுத்தார்கள். நெற்றி, காது, மார்பு, பாதம் என்று ஓரிடம் விடாமல் எண்ணெய் பூசினார்கள். துடைத்த கையோடு அதன் வாயில் நற்கருணையையும் வைத்துவிட்டார்கள். பல்கூட முளைக்காத பிள்ளை. தூங்கி வழிந்துகொண்டே வாங்கிக்கொண்டது. நான் அதை முறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். உலகத்தில் எதைக் கேட்டாலும் பஸ்ஸை வைத்தே பதில் சொல்வார். அன்று திரும்பும் வழியில், அந்தக் குழந்தைக்கு மட்டும் எப்படி அதற்குள் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"முன்னல்லாம் மூணும் ஒரே வண்டிம்மா. முழுகி எழுந்தா எண்ணெய், எண்ணெய் பூசுனா அப்பம். கைக்குழந்தையா இருந்தாலும் சரி, கெழவனா இருந்தாலும் சரி. மாடிவீட்டுக்காரங்க இன்னும் அந்த வண்டியிலதான் போய்க்கினு இருக்காங்க. நம்ம பக்கம்தான், எண்ணெயை பிஷப்பு கையால வெச்சாத்தான் ஆச்சுன்னுட்டாங்க. ஒரு பிஷப்பு எத்தினி ஊருக்குப் போவாரு? அவரு வர லேட்டாவ லேட்டாவ புள்ளைங்க வளந்துடுச்சிங்க. ஒரு வண்டி மூணு வண்டியாயிடுச்சு."

"சித்தி வீட்டு வண்டி?"

"அவங்க நடுவுல ஸ்டேஜை மாத்திக்கினாங்க. அப்பம் முன்னாடி, பிஷப்பு பின்னாடி."

"நம்ம வண்டி?"

"வரும், வரும். நம்மது லேட் சர்வீஸ்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரே ஆண்டவர், ஒரே அப்பம். மாடியில் ஒருத்தன் தூக்கத்திலேயே வாங்குகிறான், மயிலாப்பூரில் ஒருத்தி கிரீடம் வைத்துக்கொண்டு வாங்குகிறாள், நான் மட்டும் ஸ்டாப்பிங்கில் நிற்கிறேன்.

புதுநன்மைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியமே அம்மாவும் நானும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம். அப்பாவுக்கு ஞாயிறு டூட்டி. அன்று மாலை சித்தி மகள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். அதாவது தன் பாவங்களை ஃபாதரின் காதில் சொல்லவேண்டும். பாவத்தைச் சொன்னால் போதாது, எத்தனை தடவை என்றும் சொல்லவேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாராம். எண்ணிக்கை என்றதும் நான் துணைக்கு உட்கார்ந்தேன். நோட்டுத்தாளில் வரிசையாக எழுதிக்கொடுத்தேன். சர்க்கரை திருடியது, ஆறு. தம்பியைக் கிள்ளியது, பதினொன்று. ஜெபத்தின்போது தூங்கியது, கணக்கில்லை.

இதிலும் எனக்குப் பொறாமைதான். எங்கள் கோயிலில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் பாவ அறிக்கை வாசிப்போம். அந்தச் சத்தத்தில் யாருடைய பாவம் எது என்று ஆண்டவருக்கே தெரியாது. இவளுக்கோ தன் பாவத்தைக் கேட்க ஒரு முழு ஆளே மரத்தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"என்மேல பொறாமப்பட்டத எழுதலியே?" என்றேன்.

அவள் என்னை உண்மையாகவே புரியாமல் பார்த்தாள். "உன்மேல எதுக்குடி நான் பொறாமப்படணும்?"

கேலியாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன். அவள் கேலி செய்யவில்லை.

கோயிலிலிருந்து அவள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பினாள். கன்னியர் மடத்தில் அப்பம் சுட்டு, வட்டம் வட்டமாக வெட்டி எடுத்தபின் மிஞ்சும் ஓரத் துணுக்குகள். "இது வெறும் அப்பந்தான், நீகூட துன்னலாம்" என்று பாதியைக் கொடுத்தாள். சர்க்கரை போடாத ஐஸ்கிரீம் கோன் போல இருந்தது. வட்டம் அவளுக்கு, ஓரம் எனக்கு. எல்லாவற்றையும் தின்றேன்.

ராத்திரி படுக்கும் முன்பு சித்தி கறாராகச் சொன்னார்: "பன்னெண்டு மணிக்கு மேல தண்ணிகூடப் பல்லுல படக்கூடாது. வெறும் வயித்துலதான் ஆண்டவர வாங்கணும்." சித்தப்பா, "அந்தச் சட்டத்தல்லாம் எப்பவோ மாத்திட்டாங்க, ஒரு மணி நேரந்தான்" என்றார். "மாத்துனவங்களுக்கு மாத்திக்கட்டும். எங்கம்மா எங்கள வளத்தது இப்பிடித்தான். இன்னாக்கா?" என்று சித்தி அம்மாவைக் கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

காலை ஐந்து மணிக்கே வீடு பரபரத்தது. சித்தி மகள் அலங்காரம் முடிந்து, கவுன் கசங்கக்கூடாதென்று ஒரு முக்காலியில் உட்கார்த்திவைக்கப்பட்டிருந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக யாரையும் பார்த்ததில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. பெரியவர்கள் முன்னறையில் மெழுகுவர்த்திக்கு ரிப்பன் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தாகமா கீதுடி" என்றாள்.

சமையலறை மேடையில் ஒரு டம்ளர் காபி இருந்தது. சித்தப்பா போட்டு அம்மாவிடம் கொடுத்தது. அம்மா அதை அங்கே வைத்துவிட்டுப் போய் வெகுநேரமாகியிருந்தது. ஆறி, ஆடை படர்ந்திருந்தது. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். டம்ளரை எடுத்துவந்து நீட்டினேன்.

"ஒரு வாய் குடி. யாருக்கும் தெரியாது."

"சாமிக்குத் தெரியுமே?"

"வெறும் வயிறாதான் கீது. காபி சாப்பாடு இல்லையே."

மூன்று மடக்குக் குடித்தாள். மேலுதட்டில் ஒட்டிய ஆடையை, கவுனில் விழாதபடி என் கைக்குட்டையால் நானே துடைத்துவிட்டேன். அப்பா தம் பழைய கைக்கடிகாரத்தின் பட்டையில் புது ஓட்டை போட்டு எனக்குக் கொடுத்திருந்தார். மணி பார்த்தேன். ஐந்து நாற்பத்தொன்று. பிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னேன்: "போச்சு. இன்னிக்கு உனக்கு இல்ல."

அவள் அழவில்லை. முகம் கவுனைவிட வெளுத்துவிட்டது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம், கோயில் வாசலில் வெள்ளைப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்வரை, நான் நிம்மதியாக இருந்தேன். அங்கே அவள் உடைந்தாள். ஒரு சிஸ்டர் ஓடிவந்தார், அவர் பின்னால் சித்தி, அதன்பின் பூசை உடையில் ஃபாதரே வந்துவிட்டார்.

"காபி குடிச்சுட்டேன் ஃபாதர். அவதான் குடுத்தா."

சித்தி என்னைப் பார்த்த பார்வையில் அடியே விழுந்ததுபோல் இருந்தது. "பொத்திப் பொத்திக் கூட்டியாந்தேனே ஃபாதர்! இந்தக் குட்டிச்சாத்தான்..."

"இரும்மா, இரும்மா" என்றார் ஃபாதர். "நடுராத்திரியிலருந்துங்கறது அந்தக் காலம். இப்ப ஒரு மணி நேரம் இருந்தா போதும். ஏழேகாலுக்கு முன்னாடி நற்கருணை வராது. எப்பம்மா குடிச்ச?"

அவளுக்குத் தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் கடிகாரம் இருந்தது.

அந்த நொடி நன்றாக நினைவிருக்கிறது. கிளம்பும்போதுதான் குடித்தாள், ஆறு இருபது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரிசை அவளில்லாமல் உள்ளே போயிருக்கும். ஐந்து வருடம் இல்லாவிட்டாலும் ஒரு வாரமாவது அவளும் என்னோடு பெஞ்சில் இருந்திருப்பாள். சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அஞ்சு நாப்பத்தொண்ணு" என்றது வாய்.

நான் நல்லவள் என்பதால் அல்ல. மற்ற எதிலும் என்னால் பொய் சொல்ல முடியும், சொல்லியும் இருக்கிறேன். டைம் கீப்பர் மகளுக்கு மணியில் மட்டும் பொய் வரவில்லை. ஃபாதர் சிரித்து, "இவ்ளோ கரெக்டாவா?" என்று கேட்டு, அவள் கிரீடத்தை நேராக்கி வரிசையில் நிறுத்தினார்.

சித்தி, என் அம்மா பக்கம் திரும்பி, "உன் காபி அப்பிடியே கெடந்துச்சா? ஏன்க்கா குடிக்கல?" என்றார்.

"ஆறிடுச்சு" என்றாள் அம்மா.

நற்கருணை நேரம் வந்தது. பிள்ளைகள் முன்னால் போனார்கள். அவள் நாக்கை நீட்டினாள், வாங்கினாள், கைகூப்பித் திரும்பினாள். கன்னத்தில் கண்ணீர்க்கோடு காய்ந்திருந்தது, அதுவும் அழகாகவே இருந்தது. பிறகு பெரியவர்கள். எங்கள் வரிசை எழுந்தது. சித்தி, சித்தப்பா, அவர்கள் பக்கத்து வீட்டார். அம்மாவும் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

எனக்குத் திகீரென்றது. இவளும் போய்விட்டால் இந்த நீளப் பெஞ்சில் நான் ஒருத்திதான். அவள் சேலை முந்தானையைக் கைப்பிடி நிறையப் பிடித்தேன். "நீ போகாதம்மா."

அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்தாள். அவர்கள் திரும்பிவரும்வரை பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முந்தானையை விடவேயில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக எனக்குப் பொறாமை விட்டிருந்தது. சித்தி மகளுக்குக் கிரீடம் இருந்தால் என்ன, என் அம்மா எனக்காக ஆண்டவரையே வேண்டாமென்றுவிட்டாள்.

பதினைந்தாவது வயதில் எனக்குத் திடப்படுத்தல் நடந்தது. அன்று காலை அம்மா வழக்கம்போல் காபி குடித்தாள், எனக்கும் கொடுத்தாள். அப்பாவின் கோயிலுக்குப் போகும் எல்லா ஞாயிறும் அவள் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். டம்ளரைக் கையில் வாங்கும்போதுதான் இன்னொரு டம்ளர் நினைவுக்கு வந்தது. ஆராதனை முடிந்ததும் சித்தியைத் தனியே பிடித்து, அன்று அம்மா வெறும் வயிற்றோடு வந்தது நற்கருணை வாங்கத்தானா என்று கேட்டேன்.

"உங்கம்மா எங்க கோயில்ல வாங்க முடியாதுடி" என்றார் சித்தி. "கல்யாணம் இங்க பண்ணிக்கினால்ல? எங்க ஃபாதர்கிட்ட அனுமதி வாங்காம."

கத்தோலிக்கருக்குத் தேவதிரவிய அனுமானங்கள், அதாவது ஆண்டவரின் அருளைத் தரும் சடங்குகள், ஏழு, திருமணமும் அதிலொன்று. அப்பாவின் சபைக்கு ஞானஸ்நானம், நற்கருணை என்று இரண்டே இரண்டு. திருமணம் அவர்களுக்குப் புனிதமானதுதான், ஆனால் அந்தக் கணக்கில் வராது. ஆகவே அப்பாவின் கோயிலில் அம்மா ஒரு குறையுமில்லாத மனைவி. அவள் பிறந்த கோயிலில் அது கல்யாணமே இல்லை. கல்யாணம் இல்லையென்றால் நற்கருணையும் இல்லை. இது எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் பிறக்கும் முன்பிருந்தே தெரியும்.

தெரிந்தும் அன்று நடுராத்திரியிலிருந்து அவள் எதையும் பல்லில் படவிடவில்லை. பழக்கமா, தங்கைமேல் பொறாமையா, அன்றொரு நாள் மட்டும் துணிந்து போய்விடலாம் என்று நினைத்தாளா, எனக்குத் தெரியவில்லை. எழுந்தவள் வழிவிடத்தான் எழுந்தாளா என்பதும் தெரியவில்லை. அம்மா இருந்தவரை கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

டிப்போவில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி ஒன்றில் அந்த ஞாயிறு இருக்கிறது. அன்று நான் எழுதிய பென்சில் எழுத்து. நேரங்கள் எல்லாம் சரி. 5.41, காபி. 6.30, பூசை. 7.22, அவள் வாங்கினாள். அதன்கீழே, இரண்டு தடவை அடிக்கோடிட்டு: அம்மா எனக்காக வாங்கவில்லை.