கோல் காப்பவளின் அப்பா

ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குவது சுகமான வேலை. அந்தக் கூட்டத்தில் நாம் பெற்றதும் ஒன்று நின்றால்தான் வில்லங்கம். அதே வில்லங்கத்தில் மாட்டியிருக்கும் அப்பாமாரே, அம்மாமாரே, இதை வாசித்து ஆறுதல் அடையுங்கள்.

வீட்டிலும் சேர்

வல்வெட்டித்துறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது என் பிழைப்பு. பின்னேரங்களில் சின்னப் பெண்பிள்ளைகளின் அணிக்குக் கோச். என் மகள் ஆரணி அதில் கோல்கீப்பர். மைதானத்தில் 'அப்பா' கிடையாது, மற்றப் பிள்ளைகளைப் போல 'சேர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல்நாளே சட்டம் போட்டேன். அவளும் சரி என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், "சேருக்கு இன்னும் கொஞ்சம் பிட்டுப் போடட்டோ?" என்றாள். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிள்ளை, உந்தச் சேருக்கு வீட்டிலை ஒரு மரியாதையும் இல்லை. அப்பா எண்டே கூப்பிடு!"

ஊர் வாய்

முதல் மட்சில் ஆரணி நன்றாகத்தான் பிடித்தாள். ஆனாலும் எங்கள் அணியில் விளையாடும் நிலானியின் தகப்பன், என் காதில் விழட்டும் என்றே, "கோச்சின்ரை மகளெல்லோ, வேறை ஆரை விடுவார்?" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த மட்சிலிருந்து நிலானியைக் கோலில் நிறுத்தி, என் மகளை வெளியில் இருத்தினேன்.

ஆரணியின் முகம் சுருங்கிப் போனது. ஆனால் கையுறையைக் கழற்றவில்லை. அன்று சோளகக் காற்று கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. எதிரணி பந்தை உயர்த்தி அடித்த போதெல்லாம், "நிலானி, பின்னுக்குப் போ, காத்து இழுக்குது!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். என் இடத்தைப் பிடித்தவருக்கு நான் இப்படிக் கத்துவேனா? சத்தியமாக மாட்டேன். வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தேன். இடைவேளையில் நிலானி தண்ணீர் குடித்தபடி சொன்னாள்: "சேர், ஆரணி கத்தாட்டி நான் ரெண்டு கோல் விட்டிருப்பன்."

பெனால்டி

அரையிறுதி சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. பெனால்டி பிடிப்பதில் ஆரணியை வெல்ல ஆளில்லை. பயிற்சியில் நானே அவளிடம் தோற்றிருக்கிறேன். ஊர் சொல்வதைச் சொல்லட்டும் என்று, "ஆரணி, இறங்கு!" என்றேன். துள்ளி எழும்பினாள். எத்தனை கிழமையாகக் காத்திருந்த பிள்ளை! அங்கே நிலானி கண் கலங்கியபடி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆரணி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு நேரமும் நிண்டவள் அவள், சேர். அவளே நிக்கட்டும்."

திரும்பும் வழியில்

தோற்றோம். கடைசிப் பந்து நிலானியின் விரலில் பட்டு உள்ளே போனது. மண்ணில் குந்தி அழுதவளிடம் முதலில் ஓடிப்போனவள் ஆரணிதான். நிலானியின் தகப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்: "கடைசிக்கெண்டாலும் உங்கடை மகளை விட்டிருக்கலாமே, சேர்!"

மோட்டார் சைக்கிளில் வரும்போது ஆரணி முகம் புதைத்திருந்த என் சட்டையின் முதுகுப்புறம் நனைந்தது. பெற்றது நானும் மனைவியும்தான். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வீடு கிட்டும்போது சொன்னாள்: "மகளெண்டு விடவும் வேண்டாம், மகளெண்டு இருத்தவும் வேண்டாம், அப்பா. ஆர் நல்லாப் பிடிக்கினமோ, அவையை விடுங்கோ."

அவளுக்குப் பந்து பிடிக்கப் பழக்கியவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். எனக்கு ஆள் தெரிவு செய்யப் பழக்கியது யார் என்பதை மட்டும் உங்களைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.