கோயில் குளிசை

நெடுந்தீவில் அனோஜினியின் வாயை அறியாதவர்கள் இல்லை. பால் கறந்துகொண்டே நாலு வீட்டுக் கதையை விசாரிப்பாள். மாடு உதைத்தால் மாட்டோடும் சண்டைக்குப் போவாள். இதய வால்வு பழுதாகி, கொழும்பில் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு போட்ட பிறகும் அந்த வாய் அடங்கவில்லை. வால்வில் இரத்தம் கட்டிவிடாமல் இருக்க, இரவில் ஒரு இரத்தக் குளிசை, இரத்தத்தை இளக்கும் மாத்திரை, போட வேண்டும். ஆயுள் முழுக்க.

அந்தக் குளிசையால் ஒரு தொல்லையும் வந்தது. மாதவிலக்கு வந்தால் இரத்தம் நிற்காது. எழும்பி நடக்க ஏலாது. இப்போதைக்கு இன்னொரு பிள்ளை கூடாது என்றும் வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். தாய்க்கும் ஆபத்து, அந்தக் குளிசை வயிற்றுப் பிள்ளைக்கும் கூடாதாம். அதற்கு என்ன வழி என்று கேட்க மட்டும் அவ்வளவு பெரிய வாய்க்கும் வெட்கம். புருஷன் நிமலனுக்கு அதைவிட வெட்கம். கடவுள் விட்ட வழி என்று இரண்டு பேரும் இருந்தார்கள்.

கொழும்புக்குப் போகுமுன் அவள் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். உயிரோடு திரும்பினால் நயினாதீவு அம்மன் தேருக்குப் பின்னால் கற்பூரச்சட்டி எடுப்பதென்று. தேர் நெருங்க, எண்ணிப் பார்த்தால் தீட்டு சரியாக அன்றைக்கே வரும்போல இருந்தது. நாள் பார்த்துத்தான் வரும், சனியன்!

"உதுக்கேன் அழுகிறாய்?" என்றாள் பக்கத்து வளவு ஞானசவுந்தரி. "இந்தா, கோயில் குளிசை. தேர் முடியுமட்டும் விடாமல் போடு. தள்ளிப்போகும்."

அது குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசைதான். ஆனால் அந்த அயலில் அதை அந்தப் பெயரால் சொல்கிறவர்கள் குறைவு. திருவிழா வந்தால் ஒரு வீட்டுக் குளிசை அட்டை கறிவேப்பிலை மாதிரி நாலு வீட்டுக்குப் போகும். ஒருவரும் அதை மருந்தென்று நினைப்பதில்லை. அதனால், குடும்பநல மாது தர்சனா வீட்டுக்கு வந்து, "அக்கா, இரத்தக் குளிசையோட வேற ஏதும் மருந்து போடுறீங்களோ?" என்று கேட்டபோது, "சீச்சீ, ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று அனோஜினி சொன்னது பொய்யில்லை.

அதோடு நிறுத்துகிற வாயா அது! படலை வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"இந்தமுறை தேருக்கு வந்து பாரும். கற்பூரச்சட்டி எடுக்கிறன்."

"நீங்கள் சொன்ன திகதிப்படி அண்டைக்கு உங்களுக்கு ஏலாத நாளெல்லே?"

"அதுக்குத்தானே கோயில் குளிசை போடுறன்!"

தர்சனா ஸ்கூட்டியை நிற்பாட்டினாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள். "ஐயோ அக்கா! இது இரத்தத்தைக் கட்டவைக்கும். கட்டாமல் இருக்க ஒரு குளிசை, கட்டுறதுக்கு இன்னொண்டோ? வால்வில கட்டினால் உயிருக்கே ஆபத்து."

அனோஜினி கொடியைப் பார்த்தாள். ஏழு வயது மகள் கம்சாயினியின் சட்டை அதில் காய்ந்துகொண்டிருந்தது. "பிள்ளை பள்ளிக்கூடத்தால வரப்போகுது" என்றாள், சம்பந்தமில்லாமல்.

அடுத்த படகிலேயே யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நிமலனின் கையை அவள் விடவேயில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அம்மன் புண்ணியம், வால்வு நன்றாக இருந்தது. "இந்த அட்டையை இனித் தொடாதேயுங்கோ. இரத்தக் குளிசையை ஒருநாளும் விடாதேயுங்கோ" என்றார் பெண் வைத்தியர். "உங்களுக்குப் பொருத்தமான வழி இருக்கு."

வழி, கருப்பைக்குள் வைக்கிற லூப். செப்புக் கம்பி சுற்றிய லூப் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். இது கொஞ்சம் கொஞ்சமாக ஹோர்மோனை விடுகிற வேறு வகை. பிள்ளையும் தங்காது, போக்கும் குறையும். கொஞ்ச நாள் கழித்து, இரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று சோதித்துவிட்டு வைத்தார்கள். "எத்தினை வருசத்துக்கு நிக்கும், டொக்டர்?" என்று கேட்டது நிமலன்தான். வெட்கப்பட்ட மனிசன்! அனோஜினி சிரித்துவிட்டாள்.

ஆனால் கோயில் குளிசையை விட்டதும் தீட்டு வந்து, அந்த வருடத் தேர் போய்விட்டது. அறைக்குள் படுத்திருந்து அழுதாள். அதைவிட, ஞானசவுந்தரி அதன்பிறகு படலை திறக்காததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கொல்லப் பார்த்தேனே என்று அந்த மனிசி ஒளித்துத் திரிந்தாள்.

மாதங்கள் போகப்போகப் போக்குக் குறைந்து, அடுத்த ஆனிக்குள் நின்றே போனது. தேரன்று படகில் பெண்கள் நெருக்கியடித்து இருக்க, அனோஜினி எழும்பி நின்றாள்.

"கோயில் குளிசை போட்டுக்கொண்டு வந்தவை ஆர்? கை தூக்க வேண்டாம், வெக்கமெண்டு தெரியும். நெஞ்சு வருத்தம், பிரஷர், இரத்தக் குளிசை எண்டு இருக்கிற ஆக்கள் உங்கட பாட்டில போடாதேயுங்கோ. முதல்ல தர்சனாவைக் கேளுங்கோ!"

ஆண்கள் எல்லாரும் கடலைப் பார்த்தார்கள்.

நயினாதீவில் சட்டியை ஏந்தியதும் அவள் கண் கூட்டத்துக்குள் தேடியது. "சவுந்தரியக்கா! இஞ்ச வாங்கோ. நீங்கள்தான் கொளுத்த வேணும்."

"என்ர கையாலயோ?" என்று கேட்டபோதே ஞானசவுந்தரிக்கு அழுகை வந்துவிட்டது.

"பின்னை ஆர்ர கையால? நான் சட்டி எடுக்க வேணுமெண்டு என்னைவிட ஆசைப்பட்டது நீங்கள்தானே."

முதல் நெருப்புக்குச்சி காற்றில் அணைந்தது. "கெதியாக் கொளுத்துங்கோவன், தேர் போகப்போகுது" என்று அனோஜினி அதட்டினாள். இரண்டாவது குச்சியில் கற்பூரம் பற்றியது. தேருக்குப் பின்னால் அவள் நடந்தாள். சட்டி அணையாமல் கற்பூரம் போட்டபடி ஞானசவுந்தரியும் கூடவே நடந்தாள்.