ஓநாய்க் கொப்பி

பிள்ளைகள், இதை உங்கள் இருவருக்கும் நேரில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். இரண்டு தரமும் “சாப்பிட்டியளோ?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் உயிரை விடும் அந்த ரொக் இசைக்குழுவைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் நம் வெள்ளவத்தை வீட்டின் மெல்லிய சுவர் வழியாக வந்ததுதான். பாட்டைவிட நீங்கள் அதற்குப் பொருள் தேடிப் பிடித்த சண்டைதான் கூடக் கேட்கும். அவர்களுடைய சின்னம் ஒரு வட்டம். வட்டத்துக்குள் வாயைப் பிளந்த ஓநாயின் தலை. கீழே குறுக்கும் மறுக்குமாக இரண்டு துடுப்புகள். ஓநாய் என்பது கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு தகப்பன் என்று மகன் நீ சொல்வாய். இல்லை, அது கரையில் காத்திருக்கும் பிள்ளை, அதனால்தான் வாய் திறந்திருக்கிறது என்று மகள் நீ சொல்வாய். அந்தச் சின்னம் போட்ட கறுப்பு ரீசேட்டை மகன் உன் உடம்பில் முதல் நாள் கண்டபோது, இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகாதே என்று நான் சொன்னேன். “அப்பாவுக்கு எதைக் கண்டாலும் பொலிஸ்தான் ஞாபகம்” என்று மகள் நீ சிரித்தாய்.

இரண்டு வருடமாக ஒரு சீ.ஆர். கொப்பியில், தடித்த மட்டை போட்ட பெரிய நோட்டில், எல்லாவற்றையும் எழுதி வைத்தீர்கள். இடப்பக்கம் ஆங்கிலப் பாட்டு வரி, வலப்பக்கம் தமிழில் அதன் மறைபொருள். நடுவில் அம்புக்குறிகள், வட்டங்கள், எண்கள். நீங்கள் இல்லாத நேரம் ஒருநாள் திறந்து பார்த்தேன். எனக்கு வாசிக்க முடிந்தது வலப்பக்கம் மட்டும். ‘வடக்குக் காற்று என்றால் திரும்பி வருதல்.’ ‘தண்ணீருக்கு அடியில் இருப்பவர்கள் சாகவில்லை, காத்திருக்கிறார்கள்.’ கொப்பியை மூடி வைத்துவிட்டேன். வெளியே தெரியாதபடி அதன் மேல் இரண்டு பாடப்புத்தகங்களை அடுக்கினேன்.

ஏன் என்று நான் உங்களுக்குச் சொன்னதில்லை. கலியாணத்துக்கு முன், யுத்த காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் இருந்தோம். அதில் ஒருவனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். ரேடியோவில் கேட்கும் ஆட்டத்தை ஒரு டயரியில் தன்பாட்டில் குறிப்பான்: ஓட்டத்துக்குப் புள்ளி, ஆட்டமிழந்தால் பெருக்கல் குறி போல் புள்ளடி, நாலு அடித்தால் வட்டம். ஒரு விடியற்காலைப் பொலிஸ் சோதனையில் அந்த டயரி அகப்பட்டது. இது என்ன என்று என்னிடம்தான் முதலில் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியும். சொல்லுவதற்குச் சிங்களம் தெரியாது. வாயைத் திறந்தபடி நின்றேன். அவனைக் கொண்டு போனார்கள். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு பழக்கம் வந்தது. சோதனை வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் கையெழுத்து உள்ள காகிதம் ஒன்றும் மிஞ்சக்கூடாது. எரித்தால் புகை வரும். கிழித்தால் துண்டு கிடக்கும். ஆகவே வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மாவாகப் பிசைந்து, கழிப்பறையில் ஊற்றிவிடுவோம். காதல் கடிதங்கள்கூட அப்படிப் போயிருக்கின்றன.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு காலையில் இரண்டு பொலிஸ்காரர் நம் மாடிக்கு வந்து, வீட்டில் இருப்பவர்களின் விபரம் எழுத ஒரு படிவம் தந்தார்கள். பின்னேரம் வந்து எடுப்போம் என்றார்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தா. நீங்கள் பள்ளிக்கூடத்தில். படிவத்தை நிரப்பி முடித்தேன். பிறகு என் கால்கள் தாமாகவே உங்கள் அறைக்குப் போயின.

கொப்பி முழுவதும் கரைய ஒரு மணித்தியாலம் பிடித்தது.

பின்னேரம் ஒருவர்தான் வந்தார், இளம் கொன்ஸ்டபிள். வாசலில் நின்றபடியே படிவத்தை வாங்கினார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த மகன் நீ உள்ளிருந்து வந்தாய், அதே ரீசேட்டோடு. அவர் உன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“மல்லி, நீயும் இவங்கட ஆளா? எங்கட வீட்டுச் சுவரிலயும் இந்த ஓநாய் இருக்கு” என்றார் சிங்களத்தில், சொந்தத் தம்பியைக் கூப்பிடுவது போல.

நீயும் அவரும் வாசலிலேயே தொடங்கிவிட்டீர்கள். உன் சிங்களம் நான் கடையில் சாமான் வாங்கப் பழகிய சிங்களம் இல்லை, ஓடுகிறது. கீழே இருப்பது துடுப்பே இல்லை, மேளம் அடிக்கும் தடிகள் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். துடுப்புத்தான், நாலு பாட்டில் ஆதாரம் இருக்கு, எழுதியே வைச்சிருக்கிறம், கொண்டு வந்து காட்டுறன் என்று நீ உள்ளே ஓடினாய்.

நான் தண்ணீர்க் கிளாசைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே அலுமாரி திறந்து மூடும் சத்தம். மேசை இலாச்சி இழுபடும் சத்தம். மகள், நீயும் சேர்ந்து தேடினாய். நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தமிழில்கூட வரவில்லை. கொன்ஸ்டபிள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பரவாயில்லை, இன்னொரு நாளைக்குப் பார்க்கிறேன் என்று படியிறங்கிப் போனார்.

“அப்பா, எங்கட கொப்பியைக் கண்டனீங்களோ?” என்று மகன் நீ வந்து கேட்டாய்.

“ஓம். நான்தான் எடுத்தனான்.”

“எங்க வைச்சிருக்கிறியள்?”

நான் குளியலறைப் பக்கம் பார்த்தேன். நீ போய்ப் பார்த்தாய். வாளியின் அடியில் நீல மை கலங்கிய கொஞ்சத் தண்ணீரும் மட்டையும்தான் மிச்சம். திரும்பி வந்து என்னைப் பார்த்தாய்.

“அப்பா, அது பாட்டு” என்றாய்.

நீ கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், ஏதோ ஒரு வழியில் முடிந்திருக்கும். மகள், நீதான் பிறகு சொன்னாய்: “கேட்டிருந்தா என்னெண்டு சொல்லியிருப்பமே அப்பா. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே.” பாதுகாப்புக்குத்தான் செய்தேன் என்று என்னவோ முணுமுணுத்தேன். கிரிக்கெட் டயரியைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். அதைச் சொன்னால் என் குற்றத்தை அந்தச் சிநேகிதன் தலையில் போட்டது போல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

புதுக் கொப்பி வாங்கித் தரட்டுமா என்று அடுத்த கிழமை கேட்டேன். வேண்டாம், எல்லாம் ஞாபகம் இல்லை என்று மகன் நீ சொன்னாய். இப்போது சுவர் வழியாக ஒன்றும் வருவதில்லை. காதில் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருக்கிறீர்கள். என்ன செய்தால் திரும்பச் சண்டை பிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு நீங்கள் இருவரும் ரியூசனுக்குப் போன பிறகு, வீட்டில் நான் மட்டும். மகள், உன் பழைய போனை எடுத்தேன். குழுவின் பெயரை எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஓநாய்ப் படத்தைப் பார்த்துத்தான் ஒரு பாட்டைக் கண்டுபிடித்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஐந்து தரம் கேட்டேன். என் காதில் விழுந்த சத்தத்தை அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதினேன். எட்டு வரி வந்தது. பிடிபடாத இடங்களில் இடைவெளி விட்டேன். ஒன்றுக்கும் பொருள் தெரியாது.

எழுதியது பென்சிலால், தேவைப்பட்டால் அழித்துவிடலாம் என்று. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த எழுத்துகளின் மேலேயே, ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினேன்.