டி.வி. வகுப்புக்கு ஒரு விடுப்புக் கடிதம்

ஊரடங்கு நாட்களில் என் நீலச் சீருடை வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. ஆனாலும் காலை எட்டரைக்கெல்லாம் அம்மா அதை இஸ்திரி போட்டு வைத்துவிடுவாள். மட்டாஞ்சேரியில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. எட்டாம் வகுப்புப் பாடம் டி.வி.யில் வரும். பின்னலை மடித்து ரிப்பன் கட்டி என்னைப் பாயில் உட்கார வைப்பாள். திரையில் டீச்சர் தோன்றியதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் அப்பா அப்போது வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். பாவம், சட்டை போடாமல் டி.வி.யைத் தாண்டிப் போக அவருக்கு அனுமதி இல்லை.

“டீச்சர் பாத்துக்கிட்டிருக்காங்கல்ல, சட்டையப் போடுங்க.”

டி.வி.க்குள் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். “நம்மளப் பாத்துதானடி பேசுறாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. தேனியிலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த வருடம், வாடகை வீடு தேடி அலைந்ததில் நான் பல நாள் பள்ளிக்குப் போகவில்லை. முதலில் சேர்ந்த பள்ளியில் என் பேரை வெட்டிவிட்டார்கள். அம்மா வாசலில் நின்று அழுது பார்த்தாள், நடக்கவில்லை. எனக்கு ஒரு வருடம் போனது. இனி எவரும் என் பேரை வெட்ட விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

ஒரு மழையில் கேபிள் அறுந்து இரண்டு நாள் பாடம் வரவில்லை. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் மலையாளத்தில் கடிதம் எழுதினேன்: கேபிள் அறுந்ததால் மகளால் வகுப்புக்கு வர முடியவில்லை, தயவுசெய்து பேரை வெட்ட வேண்டாம். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள். பாடப்புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த தலைமையாசிரியை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“டி.வி.யில் ஹாஜர் ஒன்னும் எடுக்கில்லா சேச்சி. பேரு வெட்டில்லா. தைரியமாயிட்டு போய்க்கோ.”

அம்மா நகரவில்லை. “அத எழுதிக் குடுத்துருங்க டீச்சர்.”

எனக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. தலைமையாசிரியை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். வெளியே வந்ததும் அம்மா, “வா, அந்தக் கேபிள்கார சேட்டனப் போய்ப் பாப்போம்” என்றாள். அன்று அவளை முட்டாள் என்று நினைத்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பள்ளி மறுபடி திறந்த நாளில், ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போகிற வழியில் அவள் என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள். என் பேர் வந்தது. நான் எழுந்து ‘ஹாஜர்’ என்று சொன்ன பிறகுதான் வேலைக்குக் கிளம்பினாள்.

இப்போது திருப்பூணித்துறையில் கல்லூரியில் படிக்கிறேன். அங்கே பேர் கூப்பிடுவதில்லை, இயந்திரத்தில் விரல் வைத்தால் போதும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்கிறாள்.

“பேரு கூப்பிட்டாங்களாடி?”

“கூப்பிட்டாங்கம்மா.”