அணையாத எஞ்சின் விளக்கு

றக்வானையில் வாடகைக்கு, ஹயருக்கு ஓட்டிய என் பழைய காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது ஆயுத பூசைக்கு மறுநாள். பூசையன்று எஞ்சினில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, துடைத்து, சந்தனம் வைத்திருந்தேன். அப்படியும் வண்டி மலையில் இழுக்கவில்லை. ஏறிவந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வளைவுக்கு வளைவு இறங்கித் தள்ளினார்கள்.

ஓப்பநாயக்க டவுனில் மெக்கானிக் பாஸ் கோளாறு காட்டும் மெஷினைச் சொருகிப் பார்த்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "காத்து அதிகம், பெட்ரோல் பத்தல," என்றார். பிளக் மாற்றினோம், பெட்ரோல் பில்டர் மாற்றினோம். அவர் அணைத்து அனுப்பும் விளக்கு இரண்டே நாளில் திரும்ப எரியும். அந்தச் சனியனை உடைத்துப் போடலாமா என்றிருந்தது. உடைத்தால் மட்டும் வண்டி ஏறிவிடுமா?

வேறு வழி தெரியாமல் வெள்ளிக்கிழமைதோறும் பானெட்டைத் திறந்து சூடம் காட்டினேன். பூசையன்று கழற்றிய சாமான்களையே மறுபடி கழற்றி, மறுபடி சந்தனம் வைத்தேன்.

நாலாம் முறை போனபோது பாஸ் காற்றுக் குழாயிலிருந்து ஒரு சென்சரைக் கழற்றினார். காற்றை அளக்கிற அதன் மெல்லிய கம்பியில் மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது.

"இது இருந்தா காத்தச் சரியா அளக்காது. அதான் பெட்ரோலும் கொறையுது. என்ன இது, மண்ணா?"

நான் அதை வாங்கி மோந்து பார்த்தேன்.

"மண்ணுதான் பாஸ்," என்றேன்.